ம்யூட்டன்ட் மேஹம் படத்தின் கிறுக்கல் தோற்றம் பிளெண்டரில் வருமா?

கோட்டுக்காரன் கேட்டது:

டீனேஜ் ம்யூட்டன்ட் நிஞ்சா டர்டில்ஸ் வரிசையை 2023-ல் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்ச ‘ம்யூட்டன்ட் மேஹம்’ படத்தோட தோற்றம் தெரியும்தானே? பள்ளிக்கூடப் பையன் நோட்டுப் புத்தகத்து ஓரத்துல பேனாவால கிறுக்கின மாதிரி இருக்கும், ஆனா முழுக்க முப்பரிமாணம். அடுத்த பாகம் வேற வரப்போகுது. அந்த வழியில ஒரு ஷாட் செய்யணும்.

விவரம்: கேரக்டர் ஆமை இல்ல, சொந்தமா வடிவமைச்ச ஒரு சூப்பர்ஹீரோ. முகமூடி, முதுகுல நீளமான கேப். 12 விநாடி, இரவு நேரத் தெரு, ஒரு குத்து. பிளெண்டர் 4.2 (முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள்), அதோட ஈவீ ரெண்டர் எஞ்சின், 1920×1080, விநாடிக்கு 24 பிரேம்.

இப்போ இருக்கிற சிக்கல்கள்:

1. டூன் ஷேடர் (கார்ட்டூன் மாதிரி நிழல் போடற மெட்டீரியல்), கலர் ராம்ப்ல (வெளிச்ச அளவை நிறமா மாத்தற நோடு) ரெண்டு படி. பார்த்தா ஏதோ மொபைல் கேம் மாதிரி இருக்கு, கிறுக்கல் உணர்வே இல்ல.
2. நிழல் விளிம்புல நாய்ஸ் (ஒழுங்கில்லாத திட்டு வடிவம்) சேர்த்தேன். கை மடங்கும்போது அந்த நாய்ஸ் தோல் மேல வழுக்கிட்டுப் போகுது.
3. சாலிடிஃபை (மாடலோட மேற்பரப்புக்குத் தடிமன் கொடுக்கிற மாடிஃபையர்) வெச்சு அவுட்லைன் போட்டதும் ரெண்டர்ல உடம்பு முழுக்கக் கறுப்பு.
4. ஸ்டெப்டு இன்டர்போலேஷன் (போஸ் வழுக்காம தாவித் தாவி மாறற முறை) போட்டு விநாடிக்கு 12 போஸ் ஆக்கினேன். கேமரா கூடவே போகும்போது கேரக்டர் நடுங்குது.
5. சிவப்பு, நீலம் விலகின அச்சுப்பிழை எஃபெக்ட் யூடியூப்ல ஏத்தினதும் காணாமப் போகுது.

ஒவ்வொண்ணுக்கும் காரணம் தெரிஞ்சா போதும், மீதிய நான் பார்த்துக்கறேன்.

---

மைக்கூடு:

முதல் கேள்விக்கு ஷேடரில் பதில் இல்லை, மாடலில் இருக்கிறது. மிரர் மாடிஃபையர் (ஒரு பாதியை மறுபாதிக்கு அப்படியே நகலெடுப்பது) போட்டுச் செய்த முகத்தின் மேல் எந்த ஷேடரை ஊற்றினாலும் அது சீராகத்தான் தெரியும். அந்தப் படத்தில் கண்கள் ஒரே அளவில் இல்லை, பற்கள் வரிசையில் இல்லை, கட்டடங்களின் செங்குத்துக் கோடுகள்கூடச் செங்குத்தாக இல்லை. மிரரை அப்ளை செய்துவிட்டுப் பிறகு கோணலாக்குங்கள். ஒரு கண்ணை 10 சதவீதம் பெரிதாக்கி ஒரு சாயல் கீழே இறக்குங்கள், தாடையை ஒரு பக்கம் இழுங்கள், முகமூடியின் ஓட்டைகளை வேறு வேறு வடிவில் வெட்டுங்கள். தெருவிலும் இதே வேலை: சன்னல், கம்பம், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் லாட்டிஸ் (மாடலை வளைக்கும் கட்டக்கூண்டு) கொண்டு வளைக்க வேண்டும். ரிக் செய்வதற்கு (அசைக்கும் எலும்புகளை மாட்டுவதற்கு) முன்பே இதை முடித்துவிடுங்கள். பின்னால் செய்தால் வெயிட் பெயின்டிங்கை (எந்த எலும்பு எந்தப் பகுதியை அசைக்கும் என்று குறிப்பதை) மீண்டும் செய்ய நேரும்.

அடுத்து நிழல். ரெண்டு படி ராம்ப் என்பது செல் அனிமேஷன் தோற்றம், பேனாத் தோற்றம் வேறு. இந்த ஆமைகளின் மூலத்துக்கே போய்ப் பார்க்கலாம். 1984-ல் கெவின் ஈஸ்ட்மேனும் பீட்டர் லெய்ர்டும் வெளியிட்ட கறுப்பு வெள்ளைக் காமிக்ஸில் சாம்பல் நிறத்துக்காக டியோஷேட் என்ற அட்டையைப் பயன்படுத்தினார்கள். அந்த அட்டையில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் முன்பே அச்சாகி இருக்கும். ஒரு திரவத்தைத் தூரிகையால் தடவினால் ஒரு திசைக் கோடுகள் மட்டும் எழும்பும், இன்னொரு திரவத்தைத் தடவினால் குறுக்குக் கோடுகளும் சேரும். அதாவது வெளிச்சம், ஒற்றைக் கோட்டு நிழல், குறுக்குக் கோட்டு நிழல், முழுக் கறுப்பு என்று நான்கு நிலை. உங்கள் ஷேடருக்கும் அதே நான்கு நிலை போதும்.

நோடு வரிசை: டிஃப்யூஸ், அதிலிருந்து ஷேடர் டு ஆர்ஜிபி, அந்த மதிப்போடு நாய்ஸைக் கூட்டி, பிறகு கான்ஸ்டன்ட் நிலையில் கலர் ராம்ப், கடைசியில் எமிஷன். ஷேடர் டு ஆர்ஜிபி ஈவீயில் மட்டுமே வேலை செய்யும், பிளெண்டரின் இன்னொரு ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸுக்கு மாறினால் எல்லாம் போய்விடும். நாய்ஸை ராம்ப்புக்குப் பின்னால் அல்ல, முன்னால் கூட்ட வேண்டும். அப்போதுதான் நிழலின் எல்லைக்கோடே கிறுக்கலாக நெளியும். பின்னால் சேர்த்தால் வண்ணத்தின் மேல் அழுக்கு படிந்ததாகத்தான் தெரியும். நாய்ஸின் 0 முதல் 1 வரையான மதிப்பை மேப் ரேஞ்ச் கொண்டு -0.5 முதல் 0.5 ஆக்கி, 0.15-ஆல் பெருக்குங்கள். 0.3-ஐத் தாண்டினால் நிழல் திட்டுத் திட்டாக உடையும்.

நடு இரண்டு நிலைகளுக்குத் தட்டை நிறம் வேண்டாம். வேவ் டெக்ஸ்சரின் பேண்ட்ஸ் வகையை எடுத்து, டிஸ்டார்ஷன் 2 அல்லது 3 வைத்து, கோடுகளாக்கி அங்கே செருகுங்கள். மூன்றாம் நிலைக்கு அதையே 70 டிகிரி திருப்பி இன்னொன்று. சரியாக 90 வைத்தால் கட்டம் போட்ட துணி போல ஆகிவிடும்.

இரண்டாவது கேள்வி. நாய்ஸுக்கு ஆப்ஜெக்ட் கோஆர்டினேட் கொடுத்திருப்பீர்கள். அது எலும்பு அசைந்து மெஷ் (மாடலின் வலைப்பரப்பு) மாறிய பிறகான இடத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஆகவே கை மடங்கினால் தோல் நகரும், நாய்ஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். ஜெனரேட்டட் கொடுத்தால் மாறாத மூல மெஷ்ஷை வைத்துக் கணக்கிடும், தோலோடு ஒட்டிக்கொண்டு வரும். அதில் ஒரே தொல்லை, அது மாடலின் உயரம், அகலம், பருமன் மூன்றையும் தனித்தனியே 0 முதல் 1 ஆகச் சுருக்குகிறது. கையை விரித்து நிற்கும் கேரக்டரில் நாய்ஸ் ஒரு பக்கமாக இழுபடும். மேப்பிங் நோடில் அந்த விகிதத்தைச் சரிக்கட்டுங்கள், அல்லது யூவி (மாடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) பயன்படுத்துங்கள்.

கையால் வரைந்தது போன்ற துடிப்புக்கு நாய்ஸை நாலு பரிமாணத்துக்கு மாற்றி, அதன் டபிள்யூ மதிப்புக்கு டிரைவர் (மதிப்பைத் தானே கணக்கிடும் சூத்திரம்) போடுங்கள்: பிரேம் எண்ணை 3-ஆல் வகுத்து, பின்னத்தை வெட்டி, 7.3 போன்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். பெருக்காவிட்டால் அடுத்தடுத்த மதிப்புகள் அருகருகே விழுந்து நாய்ஸ் நகர்வது போலத் தெரியலாம்.

இரவுத் தெரு என்பதால் இன்னொன்று. நியான் விளக்குக்காகச் சிவப்பு, ஊதா லைட் வைத்தால் கலர் ராம்ப் ஒளியின் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளும், நிறம் தொலைந்துவிடும். மாற்று வழி: முதன்மை லைட்டைச் சுத்தச் சிவப்பு, விளிம்பு லைட்டைச் சுத்தப் பச்சை, மூன்றாவதைச் சுத்த நீலம் ஆக்குங்கள். ஷேடர் டு ஆர்ஜிபிக்குப் பின் செப்பரேட் கலர் வைத்தால் மூன்று லைட்டுக்கும் மூன்று தனி மாஸ்க்குகள் (எந்த லைட் எங்கே படுகிறது என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படங்கள்) கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நிறத்தை ஷேடருக்குள்ளேயே கொடுத்துக்கொள்ளலாம். டிஃப்யூஸின் நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

கலர் மேனேஜ்மென்ட்டில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் ஏஜிஎக்ஸ் ஆக இருக்கும், 4.0 முதல் அதுதான் இயல்பு. அதை ஸ்டாண்டர்டு ஆக்காவிட்டால் நீங்கள் தேர்ந்தெடுத்த மஞ்சள் திரையில் வெளிறித் தெரியும்.

---

வலைக்கண்ணி:

மூணாவது கேள்விக்கு: அவுட்லைனுக்காக உப்பின அந்தக் கூடு உங்க கேரக்டரை முழுசா மூடிக்கிட்டு நிக்குது. கேமராப் பக்கம் இருக்கிற அதோட முகங்கள் (மெஷ்ஷோட தட்டைத் துண்டுகள்) மறையலன்னா கறுப்பு உடம்புதான் தெரியும்.

சரியான அமைப்பு: ரெண்டாவது மெட்டீரியல் ஸ்லாட்ல கறுப்பு எமிஷன். சாலிடிஃபைல ஆஃப்செட் 1, ஃபிளிப் நார்மல்ஸ் டிக், மெட்டீரியல் இன்டெக்ஸ் ஆஃப்செட் 1. தடிமன் 1.8 மீட்டர் உயர ஆளுக்கு 0.008-ல ஆரம்பிங்க. மெட்டீரியல் செட்டிங்ஸ்ல பேக்ஃபேஸ் கல்லிங் (முதுகு காட்டற முகங்களை மறைக்கிறது): 4.2-ல கேமரா, ஷேடோ ரெண்டுக்கும் தனித்தனி டிக் இருக்கு. கேமராவை மட்டும் டிக் பண்ணினா கூடு கண்ணுக்குத் தெரியாது, ஆனா அதோட நிழல் உடம்பு மேல விழுந்து மறுபடி எல்லாம் இருட்டாயிடும். ரெண்டையும் டிக் பண்ணுங்க. பழைய வீடியோ பாடங்கள்ல ஷேடோ மோடு நன் வைக்கச் சொல்வாங்க. அந்த ஆப்ஷன் 4.2-ல இல்ல. அதனாலதான் நிறைய பேர் இந்த இடத்துல மாட்டிக்கறாங்க. ஸ்கேலையும் அப்ளை பண்ணிடுங்க, இல்லன்னா கோடு ஒரு பக்கம் தடிமனா வரும்.

ஆனா இந்த முறை தர்றது சுத்தமான கோடு. கிறுக்கல் கோடு வேணும்னா கிரீஸ் பென்சில் (பிளெண்டருக்குள்ள வரையற கருவி) லைன் ஆர்ட், அதாவது மாடலோட விளிம்புகளைத் தானே கோடாக்கற மாடிஃபையர். என் யோசனை: வெளிவிளிம்புக்குச் சாலிடிஃபை, உள்ளே இருக்கிற மடிப்பு, தசை, முகமூடி ஓரத்துக்கு லைன் ஆர்ட். லைன் ஆர்ட்டுக்குப் பிறகு மாடிஃபையர் வரிசை முக்கியம்: முதல்ல சிம்ப்ளிஃபை, அப்புறம் லெங்த், அப்புறம் நாய்ஸ், கடைசியில திக்னஸ். லெங்த்தோட வேலை கோட்டு நுனிய கொஞ்சம் நீட்டி மூலைகள்ல கோடுகள் ஒண்ணையொண்ணு தாண்டிப் போக வைக்கிறது. கைவரைவு உணர்வுல பாதி அதுலயே வந்துடும். சிம்ப்ளிஃபை இல்லாம நாய்ஸ் போட்டா மெஷ்ல இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் தனியா நடுங்கி, கோடு முள்ளு முள்ளா ஆகும்.

இங்க ஒரு திருத்தம். மைக்கூடு நிழல் துடிப்புக்கு 3 பிரேம் சொல்லியிருக்கார். உங்க போஸ் 2 பிரேமுக்கு ஒரு தடவை மாறுது. 3-ம் 2-ம் ஒத்துப்போகாது: ஒரு போஸ் அசையாம நிக்கும்போது நடுவுல கோடு மட்டும் மாறும், அடுத்த போஸ்ல மாறாது. கண்ணுக்கு அது ஏதோ கோளாறாத்தான் படும். போஸ் நிக்கிற அளவோட மடங்கா வைங்க, 4 நல்லா இருக்கும். லைன் ஆர்ட்டுக்குப் போடற நாய்ஸ்லயும் ஸ்டெப் 4. 2 வெச்சா கொதிக்கிற மாதிரி ஆயிடும், 12 விநாடி பார்க்கக் கண்ணு வலிக்கும்.

லைன் ஆர்ட் ஒவ்வொரு பிரேமுக்கும் கோட்டைப் புதுசா கணக்குப் போடும், அதுவும் ப்ராசஸர்ல. கேரக்டருக்கு சப்டிவிஷன் 1-க்கு மேல வேண்டாம். தெருவுல இருக்கிற எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளாதீங்க, கேரக்டருக்குத் தனி கலெக்‌ஷன். அசையாத கட்டடங்களுக்குக் கோட்டை டெக்ஸ்சர்லயே கையால வரைஞ்சுடலாம். பொறுமை இருந்தா அதுதான் அழகும்கூட. தெருவிளக்கைச் சுத்தி ஒளிவட்டத்துக்கு ப்ளூம் போடாதீங்க. கிரீஸ் பென்சில்ல வட்டம் வட்டமா கிறுக்குங்க, 3 வரைபடம் வரைஞ்சு சுழல விட்டா போதும். அந்தப் படத்துல வெளிச்சமே கிறுக்கலாத்தான் தெரியும்.

---

ரெண்டுக்கொன்று:

நடுக்கத்துக்கு வர்றேன். கேமரா ஒவ்வொரு பிரேமும் நகருது, கேரக்டர் ரெண்டு பிரேமுக்கு ஒரு தடவைதான் நகருது. முதல் பிரேம்ல ரெண்டும் சேர்ந்திருக்கு. அடுத்த பிரேம்ல கேமரா முன்னால போயிடுச்சு, ஆள் அங்கேயே நிக்கிறான், அதனால திரையில அவன் பின்னால வழுக்கறான். அதுக்கடுத்த பிரேம்ல ஒரே தாவா முன்னால வர்றான். விநாடிக்கு 12 தடவை இந்த முன்பின் ஆட்டம். கேமரா நின்னா நடுக்கமும் நிக்கும், பார்த்துக்குங்க.

ரெண்டு தீர்வு. கால் தரையில இருக்கும்போது கேமராவையும் ரெண்டு பிரேமுக்கு ஒண்ணா ஆக்குங்க. ஆள் காத்துல பறக்கும்போது கேமராவை விட்டுட்டு, ரூட் எலும்போட (முழு உடம்பையும் நகர்த்தற எலும்பு) இடமாற்றத்தை மட்டும் ஒவ்வொரு பிரேமுக்கும் ஓட விடுங்க. கை கால் போஸ் ரெண்டுக்கு ஒண்ணாவே இருக்கட்டும். இந்த ரெண்டாவது வழியை நடக்கும்போது செய்யக்கூடாது. இடுப்பு வழுவழுன்னு போகும், பாதம் ஒட்டி நிக்கும், நடுவுல முழங்கால் பிரேமுக்குப் பிரேம் உதறும்.

ஸ்டெப்டு மாடிஃபையர் பத்தி: அது ஒவ்வொரு எஃப்-கர்வுக்கும் (ஒரு அசைவு நேரத்தோட மாறறதைக் காட்டற கோடு) தனி. எல்லா கர்வையும் செலக்ட் பண்ணி, சேர்க்கும்போது ‘ஒன்லி ஆக்டிவ்’ குறிய எடுத்துடுங்க. சீன் பிரேம் 1-ல ஆரம்பிச்சா ஸ்டெப் 2, ஆஃப்செட் 1. அப்போ போஸ் 1, 3, 5 பிரேம்கள்ல மாறும். உங்க முக்கியமான கீ (போஸைப் பதிஞ்சு வெச்ச இடம்) எல்லாம் ஒற்றைப்படை பிரேம்ல இருக்கணும். குத்து விழற கீ 18-ல இருந்தா, மாடிஃபையர் 17-ஐயும் 19-ஐயும்தான் எடுக்கும். முகத்துல முஷ்டி படற அந்தப் போஸ் திரைக்கே வராது. குத்துல பலம் இல்லன்னு புலம்பறவங்க முதல்ல இதைப் பார்க்கணும்.

இன்னும் நேர்மையா சொன்னா, ஸ்டெப்டு மாடிஃபையர் ப்ரீவியூவுக்குத்தான். வழுவழுன்னு அசையற அனிமேஷன்ல பாதி பிரேமை எடுத்துட்டா அது கைவரைவு ஆகாது, இன்டர்நெட் திணறற வீடியோதான் ஆகும். போஸை நீங்க தேர்ந்தெடுக்கணும். கீ எல்லாத்தையும் கான்ஸ்டன்ட்டுக்கு (அடுத்த கீ வரைக்கும் அசையாம நிக்கிற வகை) மாத்தி, நிக்கிற நேரத்தைக் கூட்டிக் குறைங்க. ஒரு குத்துக்கு: கையை ஓங்கி 6 முதல் 8 பிரேம் நிறுத்தம், வீச்சுக்கு 1 அல்லது 2 பிரேம், பட்ட இடத்துல 4 பிரேம், அப்புறம் ரெண்டுக்கு ஒண்ணா தளர்வு. வீச்சு வர்ற அந்தப் பிரேம்ல மோஷன் ப்ளர் வேண்டாம், ரெண்டர் செட்டிங்ல அணைச்சுடுங்க. பதிலா முழங்கையிலிருந்து முஷ்டி வரைக்கும் லாட்டிஸால நீட்டுங்க, இல்லன்னா கையை மூணா காப்பி பண்ணி விசிறி மாதிரி வைங்க. ஸ்பைடர்-மேன் அனிமேஷன் படம் ‘இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ 2018-லயே மோஷன் ப்ளரைத் தூக்கிப் போட்டுட்டு இப்படித்தான் செஞ்சாங்க. ஸ்பைடர்-மேன் வேலைக்குப் பழக்கமில்லாத மைல்ஸை ரெண்டுக்கு ஒண்ணாவும், தேர்ந்த பீட்டரை ஒவ்வொரு பிரேமாவும் ஒரே காட்சியில ஓட்டினதும் அதே படம்தான். உங்க ஷாட்ல ஹீரோவும் வில்லனும் இருந்தா இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தலாம்.

அடி விழற பிரேம்ல முழுத்திரையையும் ரெண்டே நிறமா ஆக்கற பளீர் வெளிச்சம் வைக்கணும்னா ஒண்ணு போதும். ஒரு விநாடிக்குள்ள 3 தடவைக்கு மேல பளிச்சிட்டா வலிப்பு நோய் உள்ளவங்களுக்கு ஆபத்து.

---

கோட்டுக்காரன்:

கறுப்பு உடம்பு சரியாயிடுச்சு, ஷேடோ டிக்தான் காரணம். ஜெனரேட்டட் மாத்தினதும் நாய்ஸும் ஒட்டி நிக்குது. நன்றி.

இப்போ கேப்ல சிக்கல். உடம்பைக் கான்ஸ்டன்ட் கீக்கு மாத்தினதும் கிளாத் சிமுலேஷன் வெடிக்குது. தோள்ல இருந்து துணி பிய்ச்சுட்டுப் பறக்குது. வெடிக்காத இடத்துலயும் கேப் மட்டும் வழுவழுன்னு ஆடி, தனியா தெரியுது. க்வாலிட்டி ஸ்டெப்ஸ் 5-ல இருந்து 15 ஆக்கியும் பயனில்ல.

---

ரெண்டுக்கொன்று:

க்வாலிட்டியை 80 ஆக்கினாலும் தீராது. உடம்பு ஒரு பிரேம்ல நிக்குது, அடுத்த பிரேம்ல 20 சென்டிமீட்டர் தாவுது. துணிக்கு அது தோளைச் சுத்தியலால அடிச்ச மாதிரி.

ஆக்‌ஷனை ஒரு காப்பி எடுத்து அதுல கீ எல்லாத்தையும் பெசியருக்கு (வழுவழுன்னு அசையற வகை) மாத்துங்க. அந்த வழுவழு உடம்பு மேல கேப்பை சிமுலேட் பண்ணி, அலெம்பிக்கா (அசைவைப் பிரேம் பிரேமா சேமிக்கிற கோப்பு வகை) எக்ஸ்போர்ட் பண்ணுங்க. சிமுலேஷன் நிலைபெற பிரேம் 1-க்கு முன்னால 30 பிரேமாவது ஓட்டம் வேணும். ஆள் ஏ-போஸ்ல (கையைச் சாய்வா விரிச்சு நிக்கிற தொடக்க நிலை) இருந்து முதல் போஸுக்கு மெதுவா வரட்டும். பிறகு அந்த கேஷை மெஷ் சீக்வன்ஸ் கேஷ் மாடிஃபையர்ல ஏத்தி, ‘ஓவர்ரைடு பிரேம்’ டிக் பண்ணி, அந்த எண்ணுக்கு டிரைவர் போடுங்க: பிரேம்ல 1 கழிச்சு, 2-ஆல் வகுத்து, பின்னத்தை வெட்டி, 2-ஆல் பெருக்கி, 1 கூட்டணும். இப்போ கேப்பும் 1, 3, 5-லதான் மாறும்.

ஆனா கான்ஸ்டன்ட் கீல நீங்க 6, 8 பிரேம் நிறுத்தற இடங்கள்ல வழுவழு உடம்பு வேற இடத்துல இருக்கும், கேப் கழுத்துல ஒட்டாது. அதனால பெசியர் காப்பியிலயும் நிறுத்தத்தோட ரெண்டு முனையிலயும் அதே போஸைக் கீ பண்ணிடுங்க. மிச்சம் வர்ற ஒரு சென்டிமீட்டர் இடைவெளிய காலர் வெச்சு மறைச்சுடலாம். காலரை எலும்போட கட்டுங்க, துணியோட வேண்டாம்.

---

அச்சுக்கூடம்:

அஞ்சாவது கேள்விக்கு யாரும் வரல போல. யூடியூப் உங்க வீடியோவை 4:2:0 முறையில அமுக்குது. வெளிச்ச விவரம் முழு அளவுல இருக்கும், நிற விவரம் அகலத்துல பாதி, உயரத்துல பாதி. 1080-ல 2 பிக்சல் விலக்கம் வெச்சா, நிறத்துக்கு அது ஒரே ஒரு பிக்சல். அமுக்கத்துல அதுவும் கரைஞ்சுடும். வழி ரெண்டு: விலக்கத்தை 4 பிக்சல் ஆக்குங்க, அல்லது 3840×2160-ல ஏத்துங்க. 6-க்கு மேல போனா சிவப்பு நீலக் கண்ணாடி மாட்டிப் பார்க்கிற பழைய 3டி படம் மாதிரி ஆகும்.

கம்பாசிட்டர்ல (ரெண்டர் ஆன படத்தை மாத்தற இடம்) செப்பரேட் கலர், சிவப்புக்கு டிரான்ஸ்லேட் ஒரு பக்கம், நீலத்துக்கு எதிர்ப்பக்கம், மறுபடி சேர்ப்பு. இதை முழுத்திரைக்கும் போடாதீங்க. ஸ்பைடர்-வெர்ஸ்ல ஃபோக்கஸ் இல்லாத இடத்தை மங்கலாக்கறதுக்குப் பதிலாத்தான் இந்த விலக்கம். அதனால தூரத்துல இருக்கிறதுக்கு மட்டும். தூரத்தை எடுக்க இசட் பாஸ் (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரம்னு சொல்ற படம்) வேண்டாம், அதுல விளிம்பு படிக்கட்டா இருக்கும், கேரக்டரைச் சுத்தி நிறப் பிசிறு வரும். மிஸ்ட் பாஸ் மென்மையா இருக்கும். தொடக்கமும் ஆழமும் வேர்ல்டு செட்டிங்ல கொடுக்கணும்.

ஒண்ணு சொல்லியே ஆகணும்: நிற விலக்கமும் புள்ளி அச்சும் ஸ்பைடர்-வெர்ஸோட மொழி. ஆமைப் படத்தோட மொழி பேனா. ரெண்டையும் ஒரே ஷாட்ல கொட்டினா எதுவுமே ஆகாது. என்கிட்ட கேட்டா விலக்கத்தை விட்டுட்டு, தூரக் கட்டடங்கள்ல கோட்டைக் குறைச்சு, நிறத்தை மட்டும் விடுவேன்.

புள்ளி வேணும்னு அடம்பிடிச்சா: வோரோனாய் டெக்ஸ்சர் (இடத்தைச் சின்னச் சின்ன அறைகளா பிரிக்கிறது), எஃப்1, ரேண்டம்னஸ் 0, அதோட தூர மதிப்பை வெளிச்ச அளவோட ஒப்பிடுங்க. விண்டோ கோஆர்டினேட் கொடுத்தா, எக்ஸை 1.778-ஆல் பெருக்காத வரைக்கும் புள்ளி நீள்வட்டமா வரும். பெருக்கினாலும் புள்ளிகள் திரையோட ஒட்டி நிக்கும், ஆள் அதுக்குப் பின்னால நகர்ந்து போவான், கொசுவலை வழியா பார்க்கிற மாதிரி. ஒரு எம்ப்டிக்கு (ரெண்டர்ல தெரியாத வெற்றுப் பொருள்) ரூட் எலும்போட இடத்தையும் கேமராவோட திருப்பத்தையும் கன்ஸ்ட்ரெயின்ட்டா கொடுத்து, அந்த எம்ப்டியை ஆப்ஜெக்ட் கோஆர்டினேட்டா வைங்க. புள்ளி கேமராவைப் பார்த்தபடியே ஆளோட சேர்ந்து நகரும். புள்ளிக்குப் புள்ளி 8 பிக்சலுக்குக் குறைஞ்சா, போன்ல சின்னதாக்கிப் பார்க்கும்போது அலையலையா மோய்ரே வரும்.

ரெண்டரை பிஎன்ஜி வரிசையா எடுங்க, நேரா வீடியோவா வேண்டாம். நடுவுல நின்னுட்டா முழுக்கப் போயிடும். 12 விநாடிக்கு 288 பிரேம். கேமராவும் ரெண்டுக்கு ஒண்ணா இருக்கிற பகுதிகளுக்கு பிரேம் ஸ்டெப் 2 வெச்சு, ஒற்றைப்படை பிரேமை மட்டும் ரெண்டர் பண்ணி, எடிட்டிங்ல ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை போட்டுக்கலாம், நேரம் பாதியாகும். காத்துல பறக்கிற பகுதிக்கும், ஒரே பிரேம்ல முடியற வீச்சுக்கும் இது செல்லாது, அங்க எல்லா பிரேமும் வேணும். கடைசியா வீடியோவா மாத்தும்போது எச்.264, சிஆர்எஃப் 16 (இந்த எண் குறைஞ்சா தரம் கூடும்). கோடும் கிறுக்கலும் நிறைஞ்ச படத்துக்கு 23 வெச்சா கோட்டைச் சுத்திக் கொசு மொய்க்கும்.